கொச்சிக் கடற்கரையின் இரவு விளக்குகள்

பகற்பொழுதை அலுவலகத்துக்கும் ஆலைக்கும் கடைக்கும் கொடுத்துவிட்டு, மாலைக்குப் பின்னரே தம் பொழுதைத் தமதாகப் பெறுவோர் வெளிமாநிலத் தமிழருள் பலர். ஆகையால் கடற்கரை என்றதும் நம் நினைவில் எழுவது பெரும்பாலும் இரவுக் கடற்கரையே. கொச்சி நகரின் வடபால் இடப்பள்ளியில் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். சேலத்திலிருந்து கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 544 முடிவுறும் இடம் இடப்பள்ளி. தமிழ்நாட்டிலிருந்து தரைவழியே வருவோர் பலருக்கு இவ்வூரே கொச்சியின் வாயில். இங்கிருந்து மேற்கே காயலின் மேலமைந்த பாலங்களைக் கடந்தால் வைப்பின் தீவு. அதன் மறுபுறம் அரபிக்கடல். புதுவைப்பு, குழுப்பிள்ளி, செறாயி என்று கரை வடக்கே நீள்கிறது. தெற்கே துறைமுக வாய்க்கு அப்பால் கோட்டைக் கொச்சியும், அதையடுத்து உள்ளே மட்டாஞ்சேரியும் அமைந்துள்ளன.

இக்கரைகளுக்கு இரவில் சென்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது இப்பொழுது எளிய செயலாகிவிட்டது. கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். ஆயினும் படத்தைப் பெற்ற உறவினர், "ஒரே இருட்டாக இருக்கிறதே, இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பதுண்டு. கரிய பரப்பும் நடுவே சில ஒளிப்புள்ளிகளுமே அவர்கள் காண்பவை. அப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த விளக்கு எப்பொழுது வந்தது, அதைப் படமாக்கும் ஆற்றல் மனிதனுக்கு எப்பொழுது கைவந்தது என்ற இரண்டையும் இணைத்துப் பார்த்தால், இருட்டுப் படமும் பேசத் தொடங்கும்.

விளக்குகளைக் கொண்டு இரவுக் கடற்கரையைக் காட்டும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவுத் தோற்றம் வருகிறது. இளங்கோவடிகள் அங்கே கடலை முதலில் வருணிக்கவில்லை. கரையில் எரியும் விளக்குகளை வரிசையாக எண்ணிக் காட்டுகிறார். சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, தின்பண்டம் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பரதவர் திமில்களில் வைத்த விளக்கு, கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு என்று அப்பட்டியல் நீள்கிறது. வேற்றுமொழி நாட்டிலிருந்து வந்து தங்கியோர் அணையாமல் எரியவிட்ட விளக்கும் அதில் இடம் பெறுகிறது. மணலில் விழுந்த சிறு வெண்கடுகும் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு ஒளி இருந்ததாம். பட்டினப்பாலையிலும் இரவில் விளக்குகளை எண்ணும் பரதவர் வருகின்றனர். ஒரு கரையில் யார் யார் வாழ்ந்தனர், என்னென்ன தொழில் நடந்தது என்பதை விளக்குகளே சொல்லிவிடும் என்பது நம் பழம்புலவர் கண்ட உண்மை. அம்முறையையே பின்பற்றிக் கொச்சிக் கரையின் விளக்குகளை இனி எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கரையின் வயதை அறிதல் வேண்டும். சங்க நூல்கள் புகழும் முசிறித் துறை பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் பழைய துறை தூர்ந்து, தெற்கே கொச்சியில் கடல்வாய் அகன்றதென்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வைப்பின் கரையில் புதுநிலம் சேர்ந்ததும் அக்காலத்திலேயே என்பர். அந்நிகழ்ச்சியை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்ற பெயரில் ஓர் ஆண்டுக் கணக்கும் வழங்கிற்று. வைப்பு என்ற சொல்லின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த மண் என்பதே அப்பெயரின் பொருள்.

இப்புதுக் கடல்வாய்தான் கொச்சியை உலக வாணிகத்துக்குத் திறந்தது. போர்த்துகீசியர் 1503-இல் இங்குக் கோட்டை அமைத்தனர். இன்று நாம் வாழும் இடப்பள்ளி அக்காலத்தில் ஒரு சிற்றரசின் இருப்பிடம். போர்த்துகீசியர் ஏடுகளில் 'ரெப்பலிம்' என்று வருவது இவ்வூரே. 1663-இல் டச்சுக்காரரும் 1795-இல் ஆங்கிலேயரும் கொச்சியைக் கைக்கொண்டனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் கோட்டைக் கொச்சியில் இன்றும் அத்தொழிலை நடத்துகின்றன. வேற்றுமொழி நாட்டார் வைத்த விளக்கு புகாரில் மட்டுமன்றி இக்கரையிலும் எரிந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி 1839-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில்தான் கோட்டைக் கொச்சியில் கலங்கரை விளக்கமாக ஓர் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பாரிஸ் நகரில், தாகர் என்பவர் கண்டுபிடித்த நிழற்பட முறை விஞ்ஞானக் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 19-இல் அதன் செய்முறை உலகறிய வெளியிடப்பட்டது. கடலுக்கு ஒளி காட்டும் விளக்கும் ஒளியைப் பிடித்து வைக்கும் கருவியும் ஒரே ஆண்டில் தொடங்கியது தற்செயலே. ஆனால் அவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று என்பது கவனித்தற்குரியது.

அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒளியின் குறைவு. முழுநிலவின் ஒளி கதிரவன் ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கே. நண்பகலில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் பதிந்துவிடும் காட்சி, அதே காமிராவில் அதே அமைப்பில் முழுநிலவொளியில் பதிய வேண்டுமானால் 4,000 நொடி, அதாவது ஒரு மணிக்கும் மேற்பட்ட நேரம் வேண்டும். அக்காலத் தகடுகளோ பகலிலேயே பல நொடிகள், சில வேளை நிமிடங்கள் கேட்பவை. ஜான் டிரேப்பர் என்பவர் 1840-இல் நியூயார்க்கில் நிலவைப் படம் பிடித்தார். நிலவின் பரப்பு கதிரவன் ஒளி நேரே பட்டு விளங்குவதாதலின் அது இயன்றது. நிலவு காட்டும் கரையைப் பிடிப்பது இயலவில்லை.

இரண்டாவது காரணம் நுட்பமானது. பழைய வெள்ளியுப்புத் தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருளே. எண்ணெய் விளக்கின் ஒளியோ மஞ்சள். ஆகவே கோட்டைக் கொச்சியில் ஏற்றிய விளக்கை அக்காலத் தகடு அரைக் குருடாகவே நோக்கியிருக்கும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், சாயப்பொருள்களைச் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். அதன் பின்னரே விளக்கொளியைப் படமாக்கும் வழி பிறந்தது.

இயலாத ஒன்றை மனிதன் விரும்பாமல் இருப்பதில்லை. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856-இல் கடலில் நிற்கும் ஒரு பாய்க்கப்பலைப் படம் பிடித்தார். மேகத்தின் பின் மறைந்த ஒளி, பளபளக்கும் நீர், கரிய வானம் இவற்றைக் கண்டோர் அதை நிலவுக் காட்சி என்றே கருதி வியந்தனர். உண்மையில் அது பகலில் கதிரவனை நோக்கி எடுத்த படம். இரவுக் கடல் என்று உலகம் முதலில் கொண்டாடிய படம் பகற்கடலாக இருந்தது! திரைப்படக்காரர்கள் பின்னர் பெரிதும் கையாண்ட உத்தியும் இதுவே. பகலில் எடுத்து, ஒளியைக் குறைத்து, வடிகண்ணாடி வைத்து வானத்தைக் கருக்கினால் இரவு கிடைத்துவிடும்.

நம் நாட்டுக்கு நிழற்படக்கலை விரைவிலேயே வந்தது. பம்பாயில் 1854-இல் நிழற்படக் கழகம் தோன்றியது. கல்கத்தாவும் சென்னையும் அடுத்துத் தொடர்ந்தன. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக விளங்கிய லின்னியஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் பதிவு செய்தார். அவை யாவும் பகலின் படங்கள். 1851 முதல் பரவிய ஈரத்தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். நம் வெப்ப நாட்டில் அதற்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டிய இரவுக் காட்சிக்கு அம்முறையில் இடமே இல்லை. 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்தகட்டு முறையை வெளியிட்ட பின்னரே அத்தடை நீங்கியது. 1890-களின் நடுவில் லண்டன் நகரத் தெருக்களைப் பால் மார்ட்டின் என்பவர் இரவில் விளக்கொளியில் படம் பிடித்துப் பரிசும் பெற்றார். இரவு தன் உண்மை உருவில் படத்தில் ஏறியது ஏறக்குறைய அக்காலம் முதலேயாகும்.

கொச்சியில் அன்று இரவுப்படம் எடுத்திருந்தால் முதலில் பதிந்திருக்கக் கூடியவை சீனவலை விளக்குகளே. துறைமுக வாயின் இருபுறமும் நிற்கும் இவ்வலைகளை அறியாதார் இல்லை. நீண்ட மரக்கால்களில் நான்கு முனைகளும் கட்டப்பட்ட பெரிய வலை. அதைச் சமன்செய்யக் கயிறுகளில் தொங்கும் கருங்கற்கள். ஏற்றி இறக்கச் சில ஆட்கள். சீனவணிகர் கொண்டுவந்தவை என்பது மரபு. மக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தவை என்று கூறுவாரும் உளர். இரவில் வலைக்கு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிடுவர். ஒளியை நாடி மீன் வரும், வலை எழும். எண்ணெய் விளக்குப் போய், மின்விளக்கு வந்தது. மரக்கால்களின் இடத்தில் இரும்புக் குழாய்களும் வந்துவிட்டன. ஆயினும் நீரின் மேல் தாழத் தொங்கும் ஒற்றை விளக்கும் அதன் கீழே நடுங்கும் ஒளிக்கீற்றும் இன்றும் கொச்சி இரவுப்படத்தின் அடையாளங்கள். வலைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறதாதலின், படம் எடுப்போர் அவ்விளக்கை அலங்காரம் என்று கருதாமல் ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்று அறிந்து எடுத்தல் நன்று.

கரை விளக்கு எப்பொழுதும் நன்மையே செய்தது என்றும் சொல்வதற்கில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரையை அணுகி, எண்ணெய்க் கொள்கலங்களைச் சுட்டு எரித்தது. அன்று சென்னை நகரின் விளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தமை கப்பலுக்கு வழிகாட்டியாயிற்று. அன்று முதல் தமிழ்நாட்டில் எம்டன் என்ற பெயரே அஞ்சத்தக்க ஆளைக் குறிக்கும் சொல்லாகி நிலைத்துவிட்டது. வணிகக் கலத்தை வரவேற்கும் விளக்கே பகைவன் கலத்துக்கும் வழிகாட்டுமாதலின், விளக்கை எப்பொழுது ஏற்றுவது, எப்பொழுது அணைப்பது என்பது கடற்கரை நகரங்கள் கற்க வேண்டிய பாடமாயிற்று.

கொச்சியின் இரவு முற்றிலும் மாறத் தொடங்கியது 1920-க்குப் பின்னரே. அவ்வாண்டு சென்னை அரசின் பணிப்பில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்தார். கடல்வாயை மறித்து நின்ற மணல்மேட்டை வெட்டி ஆழப்படுத்தினார். காயலுள் தோண்டிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாயிற்று. 1928 மே 26-ஆம் நாள் 'பத்மா' என்ற கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. கடலில் தொலைவில் நின்ற கப்பல்களின் விளக்குகள் அதன்பின் நகரின் நடுவிலேயே தோன்றலாயின. 1979-இல் கலங்கரை விளக்கம் கோட்டைக் கொச்சியிலிருந்து புதுவைப்புக்கு மாறிற்று. 46 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் ஒளியே இன்று நாம் காண்பது. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு, படகையே நம்பியிருந்த தீவுகளுக்கு வண்டிகளும் வண்டி விளக்குகளும் வந்தன. 2011-இல் வல்லார்பாடத்தில் கொள்கலத் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அதற்காக இடப்பள்ளியிலிருந்து காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாலமும் அமைந்தது. 2013-இல் புதுவைப்பில் திரவ எரிவாயு முனையம் வந்தது. இன்று இரவில் புதுவைப்புக் கரையில் நின்று தென்கிழக்கே படம் எடுத்தால் வானமே செம்மஞ்சளாகப் பதிவது இவற்றின் ஒளியால்தான். நூறாண்டுக்கு முன் சில எண்ணெய் விளக்குகள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிகின்றன.

விளக்குகள் பெருகியபொழுதே அவற்றைப் பிடிக்கும் கருவியும் கூர்மை பெற்றது. 1965-இல் வெளிவந்த 'செம்மீன்' திரைப்படம் கேரளக் கடற்கரையை வண்ணத்தில் நாடெங்கும் காட்டியது. திருச்சூர் மாவட்டம் நாட்டிகைக் கரையில் பெரும்பகுதி எடுக்கப்பட்ட அப்படத்தின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. 'மாயா பஜார்' நிலவுக் காட்சியால் தமிழரும் தெலுங்கரும் முன்பே அறிந்தவர் அவர். தகழியின் மூலநாவலைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்போன்றோர் அதை நன்றியுடன் நினைப்பதுண்டு. நம் நாட்டிலேயே பிலிம் செய்யும் பொருட்டு உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிம்களை விற்றது. பின்னாளில் அது மூடப்பட்டது. பிலிமுக்கு ஒரு குறை இருந்தது. மங்கிய ஒளியில் நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிப்பதில்லை. இதை வானியலறிஞர் கார்ல் சுவார்ட்ஸ்சில்டு 1900-ஐ ஒட்டி அளந்து காட்டினார். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்க்கும் சில்லைக் கண்டுபிடித்தனர். 2009-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்த மின்னணுக் காமிராக்களில் பிலிமின் அக்குறை இல்லை. 1839-இல் ஒன்றையொன்று காண முடியாதிருந்த விளக்கும் காமிராவும் இவ்வாறு முழுமையாகச் சந்தித்தன.

இதுவரை நாம் எண்ணியவை மனிதன் ஏற்றிய விளக்குகள். யாரும் ஏற்றாத ஒரு விளக்கும் இக்கரையில் உண்டு. கொச்சியின் தெற்கே கும்பளங்கியிலும் அதைச் சூழ்ந்த காயல்களிலும் கோடைக்காலத்தில், நீரில் உப்பு மிகும் நாட்களில், துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிரும். மீன் ஓடினால் ஒளிக்கோடு தோன்றும். கையை விட்டு அளைந்தால் விரல்கள் ஒளிரும். இதை இவ்வூரார் 'கவரு' என்பர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் தம் உடலிலுள்ள இருவகை வேதிப்பொருள்களைச் சேர்த்து வெளியிடும் குளிர்ந்த ஒளி அது. அப்பொருள்களுக்கு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று 1880-களில் பெயரிட்டவர் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு அறிஞர். மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த இவ்வொளியை நகரத்தார் பலரும் அறிந்தது 2019-இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' என்ற மலையாளத் திரைப்படத்துக்குப் பின்னரே. அதுமுதல் கோடை இரவுகளில் காமிராவும் முக்காலியுமாக அங்குச் செல்வோர் பெருகினர்.

அதே 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் இரவு சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம் முதலிய கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மக்கள் திரண்டு சென்று எடுத்த படங்கள் அன்றிரவே உலகெங்குமுள்ள தமிழரை எட்டின. அதற்குக் காரணம் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர். இவ்வுயிர் தமிழ்நாட்டு விஞ்ஞானத்துக்குப் புதியதன்று. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகள் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இயங்கிற்று. அங்குப் பணியாற்றிய ஆர். ரகு பிரசாத், பாக் விரிகுடாவில் நாக்டிலூக்கா பெருகியதையும் சூடை மீன்பிடிப்பில் அதனால் விளைந்ததையும் ஆராய்ந்து 1953-இலேயே கட்டுரை வெளியிட்டார். மேலும் முன்னோக்கினால், சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், மலபார்க் கரையில் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் மீன்கள் திரளாக மடிந்ததைப் பற்றி 1917-இல் எழுதியுள்ளார். மண்டபத்து நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறியது. நம்மைப்போலவே அதுவும் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து நிலைபெற்றதே! அழகிய நீல ஒளி எப்பொழுதும் கடலின் நலத்தைக் காட்டுவதன்று, சில வேளை நீர் கெட்டமைக்கு அறிகுறியாகவும் அமையும் என்பதே இவ்வாராய்ச்சிகள் தரும் எச்சரிக்கை.

இவ்விடத்தில் படம் எடுப்போர் ஓர் உண்மையை அறிதல் வேண்டும. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைச் சரிவர உணர்வதில்லை. விழித்திரையில் இருளில் வேலை செய்யும் கோலணுக்கள் ஒளியின் மிகுதி குறைவை மட்டுமே காட்டும். காமிராவோ இருபது முப்பது நொடி திறந்திருந்து, அத்தனை நேரத்து ஒளியையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். ஆதலால் படத்தில் கவரு மிகு நீலமாகத் தோன்றும்; நேரில் காண்போருக்கு அது வெண்மை கலந்த மெல்லொளியாகவே தெரியலாம். படத்தைக் கண்டு வந்தோர் ஏமாற்றமடைவதற்குக் காரணம் இதுவே. அவ்வாறே நெடுநேரம் திறந்த காமிராவில் அலைகள் புகைப்படலமாக மாறிவிடும். அது கடல் எந்தக் கணத்திலும் இருந்த நிலையன்று. அரை நிமிடத்துக் கடலின் கூட்டுத்தொகை. லெ கிரேயின் பகல் இரவானதுபோல இங்கும் உண்மையும் தோற்றமும் கலந்தே நிற்கின்றன.

கவருவின் தன்மையை எண்ணினால் இன்னொன்றும் விளங்கும். மற்ற விளக்குகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து எரிபவை. கவரு மட்டும் மற்ற விளக்குகள் இல்லாத இடத்திலேயே புலப்படுவது. நிலவே அதற்குப் போட்டி. தெருவிளக்கும் வண்டி விளக்கும் தொலைபேசி விளக்கும் சூழ்ந்த இடத்தில் அது இருந்தும் இல்லாததாகிவிடும். அதைப் படம் எடுக்கத் திரளும் கூட்டம் தன்னோடு கொண்டு வரும் வெளிச்சமே அதை மறைத்துவிடக் கூடும். விளக்குகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்த நாம், இருளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும், அது குறுகிக்கொண்டே வருகிறது என்பதையும் இங்கே உணர்கிறோம்.

இருள் நமக்கு மட்டும் வேண்டுவதன்று. தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என்று வழங்கும் சிறிய கடலாமை இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். குஞ்சுகள் பொரித்து வெளிவந்ததும், எத்திசையில் அடிவானம் வெளுத்திருக்கிறதோ அத்திசை நோக்கி ஓடும். இயற்கையான கரையில் அத்திசை கடலே. வானொளி நீரில் பிரதிபலிக்கும். கரையில் மின்விளக்கு இருந்தாலோ குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கி ஓடி மாளும். சென்னையில் 1988 முதல் மாணவர் குழு ஒன்று ஆமைகள் கரையேறும் பருவத்து இரவுகளில் கரை நெடுக நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. கேரளத்தில் கோழிக்கோட்டுக்கு வடக்கே கொளாவிப்பாலத்தில் மீனவரே 1992 முதல் 'தீரம்' என்ற அமைப்பின் வாயிலாக இப்பணியை மேற்கொண்டனர். எந்த ஒளி பகைக்கப்பலை அழைத்ததோ அது போன்ற ஒளியே இன்று ஆமைக் குஞ்சையும் வழி தவறச் செய்கிறது. விளக்கை அணைக்கக் கற்பது போர்க்காலத்துக்கு மட்டும் உரிய பாடமன்று.

ஆகவே இரவுக் கரைக்குக் காமிராவுடன் செல்வோர் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நலம். மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்த வேண்டா; அதன் ஒளி சில மீட்டருக்கு மேல் எட்டாது, கடலுக்கும் வானுக்கும் அதனால் பயனில்லை. முக்காலியும் பொறுமையுமே போதும். கவருவைக் காண அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்து, இருளுக்குக் கண் பழகும்வரை கால்மணி நேரம் வாளா இருத்தல் வேண்டும். கொச்சி கடற்படைத் தளமும் பெருந்துறைமுகமும் அமைந்த நகரமாதலின், தடை செய்த இடங்களை நோக்கிக் காமிராவைத் திருப்பலாகாது. சீனவலையில் உழைப்போரை அவர்கள் இசைவு பெற்றே படம் எடுத்தல் வேண்டும். மழைக்காலத்தில் இக்கரையின் அலைகளை நம்பி இரவில் நீரருகே நிற்றலும் கூடாது.

இவற்றோடு மற்றொரு வழக்கத்தையும் மேற்கொள்ளலாம். ஊருக்குப் படத்தை அனுப்பும்பொழுது, அதில் தெரியும் விளக்குகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் ஒரு வரி எழுதி அனுப்புவோம். இது புதுவைப்புக் கலங்கரை விளக்கு, இது வல்லார்பாடத்துப் பாரந்தூக்கியின் விளக்கு, இது சீனவலை விளக்கு, இவ்விருண்ட பகுதி இன்னும் விளக்கு வாராத கரை என்று குறித்தால், அப்படம் வெறுங்காட்சியாக நில்லாமல் சான்றாகிவிடும். சில ஆண்டுகள் கழித்து எந்த விளக்கு அணைந்தது, எந்த இருள் அழிந்தது என்று அதைக் கொண்டே அறியலாம். புகார்க் கடற்கரை இன்றில்லை. அங்கு எரிந்த விளக்குகளை நாம் அறிவது ஒருவர் அவற்றைப் பெயர் சொல்லி எண்ணி வைத்ததால் அன்றோ! அவர் எண்ணியவற்றுள் வேற்றுமொழி நாட்டில் வந்து வாழ்ந்தோரின் விளக்கும் ஒன்று. வைப்பின் கரையிலிருந்து கிழக்கே காணும் ஒளித்திரளில் இடப்பள்ளியிலும் மட்டாஞ்சேரியிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏற்றிய விளக்குகளும் இருக்கின்றன. அவற்றையும் கணக்கில் சேர்த்தே எழுதுவோம். கரையின் இருளைக் கெடுக்காத அளவில் அவை எரிய வேண்டும் என்பதையும் மறவாதிருப்போம்.